ஏலத்தை வீடியோ எடுக்க அல்ட்ரா வேணுமா?

தம்பி, குளச்சல்ல மீன் ஏலத்தை வீடியோ எடுக்க 2025-ல 1,29,999 ரூபாய்க்கு வந்த சாம்சங் எஸ்25 அல்ட்ரா ஃபோனை 24 மாச இஎம்ஐ-ல வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. அந்த வெலைக்கு வட்டி இல்லாட்டியே மாசம் 5,400-க்கு மேல. வேண்டாம்னுதான் சொல்வேன்.

80,999-க்கு வந்த சாதா எஸ்25-லயும் அதே சிப், அதே ஏழு வருஷ அப்டேட். அல்ட்ராவோட பெரிய லாபம் 5 மடங்கு ஜூம். குமரிக்கரையில நின்னு பாறை மேல உள்ள வள்ளுவர் முகத்தை எடுக்க அது வேணும். நீங்க நிக்கிறது சாளைக் கூடைக்கு ரெண்டடி தள்ளி.

தூசி, தண்ணி உள்ள போகாதுன்னு சொல்ற ஐபி68 தரக்குறியை நம்பி இருக்காதீங்க. அது நல்ல தண்ணிக்குச் சொன்னது, உப்புத் தண்ணிக்கு இல்ல. முட்டம் பாறையில என் ஃபோன்ல அலை தெறிச்சுது. துடைச்சு பாக்கெட்ல போட்டேன். ரெண்டு வாரத்துல சார்ஜ் ஏறல. துளைக்குள்ள பச்சை பச்சையா களிம்பு. தண்ணி பட்டதுக்கு வாரண்டி இல்லன்னுட்டாங்க. நனைஞ்சா உடனே நல்ல தண்ணியில ஈரமாக்கின துணியால துடைச்சு, நல்லா காயவிட்டுட்டு சார்ஜ் போடுங்க.

மிச்சக் காசுல முதல்ல பஞ்சு உறை போட்ட ஒரு வயர்லெஸ் மைக் வாங்குங்க. வெல கூறுற அந்தக் குரல்தான் உங்க வீடியோவுக்கு உயிர். கடக்காத்து அதைத்தான் முழுங்குது.