சர்வர் எழும்பவில்லையா? கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி (பாளையங்கோட்டை): அண்ணாச்சி, லினக்ஸ் சர்வரில் ரன் லெவலை (எந்தெந்த சர்வீஸோடு மெஷின் ஓட வேண்டும் என்ற நிலை) 3-க்கு மாற்றலாம் என்று இனிட்டேப் (/etc/inittab) ஃபைலைத் திறந்தால் உள்ளே வெறும் கமெண்ட் வரிகள்தான் இருக்கு. எங்கே மாற்றுவது?

பதில்: தம்பி, 2014-ல் ரெட்ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7 வந்தபோதே அந்தப் பழக்கம் போய்விட்டது. இப்போது எல்லாம் சிஸ்டம்டி (பூட்டில் இருந்து சர்வீஸ்களை நடத்தும் புரோகிராம்) கையில். ரன் லெவலுக்கு அதில் பெயர் டார்கெட். பழைய 3 என்பது மல்டி-யூசர் டார்கெட், 5 என்பது கிராஃபிகல் டார்கெட், 1 என்றால் ரெஸ்க்யூ. சிஸ்டம்சிடிஎல் (systemctl) கமாண்டோடு ஐசோலேட் போட்டால் அப்போதைக்கு மட்டும் மாறும், செட்-டிஃபால்ட் போட்டால் அடுத்த பூட்டில் இருந்து நிரந்தரம். முதலில் ஐசோலேட் போட்டு எல்லா சர்வீஸும் ஓடுதா என்று பாருங்கள். அதையும் கிராஃபிக் திரையில் திறந்த டெர்மினலில் இருந்து செய்யாதீர்கள், திரையோடு சேர்ந்து திறந்து வைத்த வேலையும் போய்விடும். வேறு கம்ப்யூட்டரில் இருந்து எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழி லாகின்) வழியாக வாருங்கள்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): அண்ணே, எங்க ரைஸ் மில் கணக்கு சர்வர், நேற்று மழையில் கரண்ட் போய் வந்ததில் இருந்து எமர்ஜென்சி மோடில் (முழுசாக எழும்பாமல் பழுது பார்க்க மட்டும் நிற்கும் நிலை) நிற்குது. ஓஎஸ்ஸைத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். வேறு வழி இருக்கா?

பதில்: போடவே போடாதீர்கள் தங்கச்சி! பூட் ஆகும்போது சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமுமாக ஓட, பக்கத்தில் 1 நிமிடம் 30 விநாடி என்று காட்டியதா? ஏதோ ஒரு டிஸ்க்குக்காகக் காத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். கயத்தாறு பக்கம் ஒரு காற்றாலை கண்ட்ரோல் ரூமில் எனக்கு இதே கதை, பேக்கப் எடுக்கிற யுஎஸ்பி டிஸ்க்கை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள், எஃப்எஸ்டேபில் (/etc/fstab, பூட்டில் எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்ற பட்டியல்) அதன் வரி மட்டும் அப்படியே இருந்தது, அந்த ஒற்றை வரிக்காக ராத்திரி முழுக்க சர்வர் நின்றது. ரூட் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய், ஜர்னல்சிடிஎல் மைனஸ் எக்ஸ்பி (journalctl -xb, இந்த பூட்டின் லாக்) போட்டு சிவப்பு வரிகளை நிதானமாகப் படியுங்கள். எந்த டிஸ்க் என்று தெரிந்ததும் ரூட் பார்டிஷனை (ஓஎஸ் இருக்கும் இடம்) எழுதவும் முடிகிற மாதிரி ரீட்-ரைட்டாக ரீமவுண்ட் செய்துகொள்ளுங்கள் (இந்த மோடில் அது பெரும்பாலும் ரீட்-ஒன்லியாக இருக்கும், இதை விட்டுவிட்டுத்தான் பலர் சேவ் ஆகலையே என்று தவிக்கிறார்கள்). அப்புறம் எஃப்எஸ்டேபில் அந்த வரிக்கு முன்னால் ஒரு # போட்டு, மவுண்ட் மைனஸ் ஏ (mount -a, பட்டியலில் உள்ள டிஸ்க்குகளை இணைத்துப் பார்க்கும்) கொடுங்கள். எரர் வரவில்லையா, சரி, ரீபூட் செய்யலாம். கழற்றி மாட்டுகிற டிஸ்க் எதுவானாலும் அதன் வரியில் நோஃபெயில் சேர்த்துவிடுங்கள், டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் எழும்பிவிடும்.

கேள்வி (அதே தங்கச்சி): பார்த்தேன் அண்ணே, டிஸ்க் இருக்கு, ஃபைல்சிஸ்டம் எரர்தான் காட்டுது. அதைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே (fsck) ஓட்டலாமா?

பதில்: அன்மவுண்ட் செய்துவிட்டு ஓட்டுங்கள். மவுண்ட் ஆகி எழுதிக்கொண்டிருக்கிற பார்டிஷனில் ஓட்டினால் இருக்கிற கணக்கும் கெட்டுப்போகும். ஃபைல்சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் வகை என்றால் எஃப்எஸ்சிகே ஒன்றுமே செய்யாது, அதற்கு எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர் தனியாக உண்டு. அதில் கேபிடல் எல் ஆப்ஷன் லாக்கையே (கடைசி மாற்றங்களின் பதிவு) அழித்துவிடும், டிஸ்க்கை ஒரு காப்பி எடுக்காமல் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி (வள்ளியூர்): ஆபீஸில் பழைய சோலாரிஸ் (லினக்ஸ் இல்லை, ஒரு யூனிக்ஸ் ஓஎஸ்). கிராஃபிக்ஸ் வரட்டும் என்று இனிட் 5 கொடுத்தேன், மெஷினே ஆஃப் ஆகிவிட்டது அண்ணாச்சி!

பதில்: சோலாரிஸில் 5 என்றால் பவர் ஆஃப், வழக்கமாக ஓடுவது 3-ல். ரிமோட் கன்சோல் இருந்தால் அதிலேயே ஆன் செய்யலாம், இல்லையென்றால் யாராவது நேரில் போய் பட்டனை அழுத்த வேண்டியதுதான். சோலாரிஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், எழும்பியதும் எஸ்விசிஎஸ் மைனஸ் எக்ஸ்வி (svcs -xv) போடுங்கள், எந்த சர்வீஸ் நின்றது, ஏன் நின்றது, எந்த லாக்கைப் பார்க்கணும் என்று அதுவே சொல்லிவிடும்.