கத்தாரிகளின் தட்டில் மீன்

அன்புள்ள ஐயா,

இடைக்காலத்தில் தென்பிரான்சிலும் இத்தாலியிலும் இருந்த, திருச்சபை எரித்தொழித்த கிறிஸ்தவப் பிரிவினரான கத்தாரிகள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடாதவர்கள், மறுபிறவியை நம்பியவர்கள் என்கிறீர்கள். பிறகு மீன் மட்டும் எப்படித் தின்றார்கள்? உடம்பே சாத்தான் கட்டிய சிறை என்றால் எல்லோரும் பட்டினி கிடந்து செத்திருக்க வேண்டாமா?

ம.

அன்புள்ள ம.,

அவர்களை நம்மூர் சைவச் சாப்பாட்டுக்காரர்களாக எண்ணிக்கொள்வதால்தான் மீன் இடிக்கிறது. விலக்கு உயிர்க்கொலையை மட்டும் பார்த்து வந்ததல்ல. விண்ணிலிருந்து விழுந்த ஆன்மாக்களைச் சாத்தான் உடம்பு என்னும் தோல் சட்டைக்குள் அடைத்துவிட்டான். ஒவ்வொரு புணர்ச்சியும் இன்னொரு சட்டை தைக்கிறது. ஆகவே புணர்ச்சியில் விளைந்த எதுவும் ஆகாது: இறைச்சி, கொழுப்பு, முட்டை, பால், பாலாடைக்கட்டி. மீன் இணை சேராமல் தண்ணீரிலிருந்தே உண்டாகிறது என்பது அக்கால நம்பிக்கை. அதனால் மீன் ஆகும். எண்ணெயும் திராட்சை மதுவும் ஆகும். ஆன்மா மீனுக்குள் புகாது, குதிரைக்குள் புகும். முற்பிறவியில் குதிரையாக இருந்தபோது இந்த இடத்தில்தான் லாடம் கழன்றது என்று சொல்லி, கற்களுக்கிடையே தேடி எடுத்தும் காட்டிய ஒருவரின் கதை தென்பிரான்சின் மலையூர்களில் உலவியது.

இந்த விலக்கெல்லாம் ‘நல்ல மனிதர்கள்’ எனப்பட்ட துறவிகளுக்கு மட்டும். சாதாரண விசுவாசி கல்யாணம் செய்தான், கறி தின்றான், சண்டைக்கும் போனான். நல்ல மனிதரைக் கண்டால் மூன்று முறை மண்டியிட்டு, தனக்கு நல்ல முடிவு கிடைக்க வேண்டச் சொல்வான். அந்த முடிவைத் தரும் சடங்குக்குப் பெயர் கன்சொலமென்ட்டும். அதைப் பெற்றவனே நல்ல மனிதனாவான். அது அவர்களின் ஞானஸ்நானம், ஆனால் தண்ணீர் கிடையாது. முதலில் பரமண்டல ஜெபம் சொல்லும் உரிமை கைமாற்றப்படும். அதற்குமுன் கடவுளை ‘பிதாவே’ என்றழைக்க அவனுக்கு உரிமையில்லை. பிறகு மூத்தவர் நற்செய்தி நூலைத் தலைமேல் வைப்பார், மற்றவர்கள் வலக்கையை வைப்பார்கள், யோவான் நற்செய்தியின் தொடக்கம் வாசிக்கப்படும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒரு துண்டு பாலாடைக்கட்டி தின்றால்கூடப் பெற்றது போச்சு. கொடுத்தவர் வழுவியது தெரிந்தால் அவரிடம் பெற்றவர்களுடையதும் போச்சு. இத்தாலியில் அவர்களின் சபைகள் பிளவுபட்டதே இப்படியொரு வதந்தியால்தான். எனவே பெரும்பாலோர் சாகும் தறுவாய்வரை தள்ளிப்போட்டார்கள். ஆனால் அப்போது வாய் பேச வேண்டும், ஜெபம் சொல்ல வேண்டும். அவர்களின் மலைக்கோட்டையான மோன்செகூரின் முற்றுகையில் காயம்பட்டவனுக்கு நா எழாது என்பதால், பேச்சு நின்றாலும் சடங்கு செய்யலாம் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 1244 மார்ச் 16 அன்று அங்கே எரிக்கப்பட்ட இருநூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஏறத்தாழ 20 பேர், எரிக்கப்படுவோம் என்று தெரிந்தே கடைசி நாட்களில் சடங்கைப் பெற்றவர்கள்.

பட்டினிக்கு வருகிறேன். பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் அவர்களுடைய சொந்தச் சடங்குநூலில் பட்டினி இல்லை. நோயாளி பிழைத்துக்கொண்டால் மறுபடி சடங்கைப் பெறட்டும் என்றுதான் இருக்கிறது. ‘எந்துரா’ எனும் சாகும்வரை உண்ணாமை பரவலாகத் தெரிவது, பியேர் ஓத்தியே என்ற நல்ல மனிதர் வட இத்தாலியின் லொம்பார்தியாவிலிருந்து திரும்பிய 1299க்கும் அவர் எரிக்கப்பட்ட 1310க்கும் இடையில். அப்போது மிஞ்சியிருந்த நல்ல மனிதர்கள் கைவிரலில் எண்ணக்கூடியவர்கள், அதுவும் இரவில் ஒளிந்து நடப்பவர்கள். நோயாளி பிழைத்து, வழுவிவிட்டால் இன்னொரு முறை கொடுக்க ஆள் வருவாரா என்பதே தெரியாது. பெற்றதைக் காக்க ஒரே வழி, எதுவும் தின்னாமல் இருப்பது. இந்தச் சில வருடத்து நெருக்கடியை இருநூறு வருடத்துக்கும் ஒட்டித்தான் ‘தற்கொலை மதம்’ என்று எழுதிவிடுகிறார்கள்.

ஆர்க் ஊரின் சிபில் பியேர் பின்னாளில் இவர்களை விசாரித்த கத்தோலிக்க ஆயர் ழாக் ஃபூர்னியேயிடம் கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது. ஒரு வயதுகூட ஆகாத மகளுக்கு நோய் முற்றியபோது, ஓத்தியேயின் கூட்டாளி பிராத் தவேர்னியே வந்து சடங்கு செய்தார். இனி பாலோ மாமிசத்தில் பிறந்த வேறெதுவுமோ கொடுக்காதே என்றார். கணவருக்கு மகிழ்ச்சி, குழந்தை தேவதையாகிவிடுமே என்று. இருவரும் வெளியே போனதும் சிபில் பொறுக்கமாட்டாமல் குழந்தையை எடுத்து முலையூட்டிவிட்டார். திரும்பிவந்து கேட்ட கணவர் எல்லாம் போயிற்றே என்று வருந்திப் புலம்பினார்.