பேஸ்பால் பேட்டிங்: எந்தக் கோளாறுக்கு எந்த ட்ரில்?

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் ஆடுற பிள்ளைகள், அவங்க பெற்றோர், பி.இ.டி. சார்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்க பதில் சொல்றேன். எல்லாம் வலது கை பேட்டருக்குச் சொன்னது. இடது கைக்காரங்க பக்கத்தை மாத்திக்குங்க.

கேள்வி (மன்னார்குடி, பிளஸ் ஒன் மாணவர்): அண்ணே, நான் கிரிக்கெட்ல ஓப்பனிங் ஆடுறவன். இப்ப பேஸ்பால் டீம்ல சேர்ந்திருக்கேன். பந்து பேட்ல படுது, ஆனா எல்லாமே தரையோட உருண்டு போய் அவுட் ஆயிடறேன். என்ன பண்ணலாம்?

பதில்: தம்பி, உங்க கை இன்னும் கிரிக்கெட் ஆடுது. அங்க பந்து தரையில குத்தி எழும்பி வரும். அதை அடக்கத்தான் மட்டையை நேரா, மேலேருந்து கீழ இறக்கிப் பழகியிருக்கீங்க. பேஸ்பால்ல பிட்சர், அதாவது பந்து வீசுறவர், 60 அடி 6 அங்குலம் தள்ளி, 10 அங்குல உயர மேட்டுல நின்னு வீசுறார். பந்து தரையைத் தொடாம இறங்கிக்கிட்டே வரும். அதை மேலேருந்து வெட்டினா பந்தோட தலையிலதான் படும், உருளத்தான் செய்யும். பந்து எந்தக் கோட்டுல இறங்கி வருதோ அதே கோட்டுல பேட் எதிரே போகணும், அதாவது லேசா மேல ஏறணும்.

இதுக்கு பேட்டிங் டீயை, அதாவது பந்தை மேல வச்சு அடிக்கிற கம்பத்தை விட நல்ல வாத்தியார் கிடையாது. பலரும் டீயை வயித்துக்கு நேரா வச்சுக்கிட்டு அடிக்கிறாங்க. அது வேண்டாம். நடுப் பந்துன்னா டீ உங்க முன் காலுக்கு நேரா இருக்கணும். உடம்பை ஒட்டி வர்ற பந்துக்கு அதைவிடக் கொஞ்சம் முன்னால, வெளிப் பந்துக்குக் கொஞ்சம் பின்னால வைங்க. உயரம் இடுப்பளவு. நெட்ல உங்க மார்பு உயரத்துல ஒரு சிவப்புத் துணி கட்டி, அதைக் குறி வச்சு அடிங்க. பந்து துணிக்கு ரொம்பக் கீழ பட்டா இன்னும் வெட்டுறீங்கன்னு அர்த்தம். டீயோட ரப்பர்ல 'டப்'புன்னு சத்தம் கேட்டா பேட் பந்துக்கு அடியில போயிடுச்சு. பந்தை மட்டும் தொட்டு, டீ ஆடாம நின்னா சரி.

அடுத்தது இடுப்பு. முன் காலை எடுத்து வைங்க, ஒரு கணம் அப்படியே நில்லுங்க, அப்புறம் அடிங்க. அந்த நிறுத்தத்துல கை பின்னாலயே இருக்கணும். இடுப்பு முதல்ல திரும்பணும், கை அதைத் தொடர்ந்து வரணும். பின் காலோட குதிகால் தரையை விட்டு எழும்பலைன்னா இடுப்பு முழுசா திரும்பலை.

கேள்வி (நாகப்பட்டினம், அரசுப் பள்ளி பி.இ.டி. ஆசிரியர்): டீ, நெட் வாங்கப் பள்ளியில பணம் இல்லை. மாற்று வழி இருக்கா?

பதில்: இருக்கு சார். ஒரு பழைய பெயின்ட் டப்பாவுல சிமென்ட் கலவை போட்டு, நடுவுல பிவிசி குழாயை நட்டுடுங்க. அதுக்குள்ள கொஞ்சம் சின்னக் குழாயைச் செருகி, ஆணி போட ஓட்டைகள் வச்சா உயரத்தை ஏத்தி இறக்கலாம். மேல நாலு விரல் நீளத்துக்கு சைக்கிள் ட்யூப் மாட்டுங்க. குழாய் நுனி வெளிய தெரியக் கூடாது, பேட் பாழாயிடும்.

நெட்டுக்கு நீங்க இருக்கிற ஊரே போதும். துறைமுகத்துல கழிச்சுப் போட்ட இழுவை வலைத் துண்டு கேளுங்க. மெல்லிய நைலான் வலை சீக்கிரம் கிழிஞ்சிடும். பந்தோட குறுக்களவு கிட்டத்தட்ட 3 அங்குலம், வலைக்கண் அதைவிடச் சின்னதா இருக்கணும். ரெண்டு சவுக்குக் கம்பு நட்டு, வலையைத் தொளதொளன்னு தொங்க விடுங்க. இறுக்கிக் கட்டினா பந்து திரும்பி முகத்துக்கே வரும்.

கேள்வி (கும்பகோணம், கல்லூரி சாஃப்ட்பால் வீராங்கனை): உடம்பை ஒட்டி வர்ற பந்து எல்லாம் பேட்டோட கைப்பிடிப் பக்கம்தான் படுது சார். கை அதிர்ந்து வலிக்குது.

பதில்: ஸ்விங் தொடங்கும்போதே கை உடம்பை விட்டு வெளிய நீளுதும்மா. பேட் பெரிய வட்டம் அடிச்சு வர்றதால தாமதமாகுது. நெட்டைப் பார்த்து நில்லுங்க. பேட்டோட அடிக் குமிழைத் தொப்புள்ல வச்சு, நுனி நெட்டைத் தொடுற தூரத்துக்குப் போங்க. அந்த இடத்துலயே பக்கவாட்டுல நிலை எடுத்து, நெட் உரசாம மெதுவா சுத்துங்க. முதல்ல உரசத்தான் செய்யும். அடிக் குமிழை முன்னால இழுத்துக்கிட்டுப் போற உணர்வு வந்ததும் உரசல் நின்னுடும். சுவர் பக்கம் செய்யாதீங்க.

அதுக்கப்புறம் சின்னப் பிள்ளைங்க பேட் ஒண்ணை எடுத்து, இடது கையால மட்டும் டீயிலேருந்து சில பந்துகள் அடிங்க. பெண்கள் சாஃப்ட்பால்ல பிட்சர் 43 அடியிலேருந்து வீசுறதால, சுத்தி வளைச்சு வர்ற பேட்டுக்கு நேரமே கிடைக்காது.

கேள்வி (திருவையாறு, ஒரு அப்பா): பையனுக்கு 11 வயசு. தினம் 300 தடவை பேட் சுத்தச் சொல்றேன். போதுமா?

பதில்: ரொம்ப அதிகம், அய்யா. அசந்து போன உடம்பு தப்பான ஸ்விங்கைத்தான் பழகும். எட்டு, பத்து பந்து, நடுவுல ஓய்வு, அப்படி நாலஞ்சு சுற்று போதும். பேட்ல கனமான வளையம் மாட்டிச் சுத்த விடாதீங்க. கழட்டினதும் வேகம் கூடின மாதிரி தோணுமே தவிர, அளந்து பார்த்தா கூடுறதில்லை. பேட்டை ஒரு கையால பக்கவாட்டுல நீட்டி அரை நிமிஷம் பிடிக்கச் சொல்லுங்க. கை தாழ்ந்துட்டா அந்த பேட் அவனுக்குக் கனம்.

கேள்வி (மயிலாடுதுறை, கல்லூரி மாணவர்): பயிற்சியில எல்லாத்தையும் அடிக்கிறேன். மேட்ச்ல கண்ட பந்துக்கும் சுத்தி, மூணு தடவை தவறவிட்டு ஸ்ட்ரைக் அவுட் ஆகிறேன்.

பதில்: உங்க ஸ்விங்ல குறை இல்லை, முடிவெடுக்கிறதுலதான் இருக்கு. மணிக்கு 100 கிலோமீட்டர்ல வர்ற பந்து உங்ககிட்ட வர சுமார் 0.6 விநாடி. 145 கிலோமீட்டர்னா 0.4 விநாடிதான். ஒருத்தரை நெட் தடுப்புக்குப் பின்னால 20 அடியில நிக்க வச்சு, கையைக் கீழேருந்து வீசிப் போட்டுத் தரச் சொல்லுங்க. நல்லதும் கெட்டதும் கலந்து வரட்டும். ஒவ்வொரு பந்துக்கும் மனசு "அடி, அடி, அடி"ன்னே தயாரா இருக்கணும், கடைசியிலதான் "வேணாம்". சில சுற்றுல பேட்டையே அசைக்காம, வர்றது 'ஸ்ட்ரைக்'கா (அடிக்க வேண்டிய எல்லைக்குள்ள வர்ற பந்து), 'பால்' ஆ (அந்த எல்லைக்கு வெளிய போற பந்து)ன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. 1941-ல .406 பேட்டிங் சராசரி எடுத்த அமெரிக்க வீரர் டெட் வில்லியம்ஸ், எல்லைக்கு வெளிய போற பந்தைத் தொடாம விடுறதுல பேர் போனவர்.

கண்ணுக்கு இன்னொன்னு. டொமினிகன் குடியரசுல பிள்ளைங்க தண்ணிக் கேன் மூடியை வீசி, விளக்குமாத்துக் கட்டையால அடிச்சு விளையாடுறாங்க. மூடி எந்தப் பக்கம் வளையும்னே தெரியாது. நம்ம ஊர்ல கேன் மூடிக்குப் பஞ்சமா?

கேள்வி (திருத்துறைப்பூண்டி, பள்ளி மாணவி): ஐப்பசி, கார்த்திகையில கிரவுண்ட் முழுக்கத் தண்ணி. அப்ப என்ன செய்யறது?

பதில்: வராண்டா போதும் பாப்பா. பழைய சாக்ஸைச் சுருட்டிப் பந்தாக்கி, தோழியை மெதுவா போடச் சொல்லி அடி. ஜப்பான்ல 868 ஹோம் ரன் அடிச்ச சதாஹாரு ஓ, உத்தரத்துலேருந்து தொங்கவிட்ட காகிதத்தை வாளால வெட்டித்தான் ஸ்விங் பழகினார். உனக்கு வாள் வேண்டாம், பந்து இல்லாம பேட்டைச் சுத்தினாலே போதும். சுத்தி முடிச்சதும் மூணு எண்ணுற வரைக்கும் தடுமாறாம நிக்கிறியான்னு மட்டும் பாரு.

கேள்வி (பட்டுக்கோட்டை, டீம் கேப்டன்): பந்து போட்டுத் தர்றவன் எங்க நிக்கணும்?

பதில்: பேட்டரோட மார்பு பார்க்கிற பக்கம், கொஞ்சம் முன்னால தள்ளி, சாய்வா. நெட் தடுப்பு இல்லாம பந்து போற திசையில நிக்கவே கூடாது. ஹெல்மெட் ரெண்டு பேருக்கும் வேணும். போட்டு முடிச்சதும் கை பின்னால போயிடணும். பேட்டர் பேட்டைத் தரையில வைக்கிற வரைக்கும் பந்து பொறுக்க யாரையும் உள்ள விடாதீங்க.