ஓங்கிலும் தொட்டியும்: டால்பின் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மதுரையில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வெளிநாட்டு டால்பின் காட்சி ஒன்றை மாணவி ஒருத்தி செல்போனில் காட்டினாள். “நம்ம ஊர்ல ஏன் சார் இது இல்ல?” என்று வகுப்பே கேட்டது. விலங்கைச் சிறைவைப்பது தவறு என்றேன். உடனே இரண்டு கேள்விகள் வந்தன. கடலில் வலையில் சிக்கிச் சாவதைவிட, வேளாவேளைக்கு மீனும் மருத்துவரும் கிடைக்கும் தொட்டி மேல் இல்லையா? கோயில் யானையைக் கும்பிடும் ஊரில் இருந்துகொண்டு டால்பினுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? இரண்டுக்கும் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

சரவணன், மதுரை

அன்புள்ள சரவணன்,

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் டால்பின் காட்சியகம் அமைக்க அனுமதி இல்லை. கேரளம், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில் அப்படிப்பட்ட திட்டங்கள் பேசப்பட்டபோது, 2013 மே 17 அன்று மத்திய உயிர்க்காட்சி சாலை ஆணையம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. கேளிக்கைக்காக டால்பின்களைச் சிறைவைப்பது அறநெறிப்படி ஏற்கத்தக்கதல்ல என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். அரசுச் சுற்றறிக்கையில் அறம் பற்றிய வாக்கியம் வருவது அபூர்வம். அதை வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள்.

ஆனால் தடை இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் கேட்டது தீர்ந்துவிடாது. தொட்டி மேல் இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். மதுரையில் நான்கு டால்பின்களுக்கு ஒரு குளம் கட்டுவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அமெரிக்க அரசின் விதிப்படி இரண்டு புட்டிமூக்கு டால்பின்களை வைக்கும் குளத்துக்குக் குறைந்தபட்ச அகலம் 24 அடி, ஆழம் 6 அடி. விலங்கு நீளமானதாக இருந்தால் இந்த அளவு கொஞ்சம் கூடும். டால்பின் அவசரமில்லாமல் போகும்போதே நொடிக்கு 2 மீட்டர் நீந்தும். 24 அடியை நான்கு நொடிக்குள் கடந்துவிடும், பிறகு திரும்ப வேண்டும். நம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஏறக்குறைய 1000 அடி நீளம், 950 அடி அகலம். அதை முழுக்க நிரப்பி டால்பினை விட்டாலும் ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைக்கு இரண்டரை நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடும். தெப்பக்குளம் அளவுக்கு டால்பின் குளம் கட்டுகிறவர்கள் யாரும் இல்லை.

அடுத்தது தண்ணீர். பத்து லட்சம் லிட்டர் குளம் என்று வைப்போம். லிட்டருக்கு 30 கிராம் என்றாலும் 30 டன் உப்பு வேண்டும். உப்பு குறைந்தால் தோலில் புண் வரும், உடலின் உப்புச்சமநிலை கெடும். மதுரை வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். ஆகவே நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மணல் வடிகட்டியைக் கழுவிவிடும்போது ஒரு நாளைக்கு 2 சதவீதம் வெளியேறினால்கூட 20,000 லிட்டர் உப்புநீர், அதில் 600 கிலோ உப்பு. அதை எங்கே விடுவது? கால்வாயில் விட்டால் கண்மாய்க்குப் போகும், நிலத்தில் விட்டால் பக்கத்துக் கிணறுகள் உவர்த்துப்போகும்.

டால்பினின் கழிவும் அதே நீரில்தான் கலக்கிறது. கிருமியைக் கொல்லக் குளோரின் போடுவார்கள். குளோரின் சிறுநீரின் நைட்ரஜனோடு சேர்ந்தால் குளோரமின் உண்டாகிறது. கண்ணும் தோலும் எரிவது இதனால்தான். டால்பின் மூச்சுவிடுவது நீர்மட்டத்தை ஒட்டி. அந்த வாயு படிந்து நிற்பதும் அங்கேதான். ஒரே மூச்சில் நுரையீரல் காற்றில் பெரும்பகுதியை அது மாற்றிக்கொள்வதால் உள்ளே போகும் அளவும் அதிகம். குளோரினைக் குறைக்க ஓசோன் கருவி வைக்கலாம். அதற்கும் பம்புகளுக்கும் குளிரூட்டிக்கும் மின்சாரம் நிற்கக் கூடாது. சித்திரை வெயிலில் ஜெனரேட்டர் பழுதாகிச் சில மணி நேரம் போனால் போதும், நீர் சூடாகிக் கெடத் தொடங்கிவிடும்.

“வேளாவேளைக்கு மீன்” என்கிறார்கள் பிள்ளைகள். 200 கிலோ டால்பின் ஒரு நாளைக்கு 8 முதல் 12 கிலோ மீன் தின்னும். நான்குக்கும் சேர்த்து 40 கிலோ. சாளை, அயிலை என்று எது வாங்கினாலும் உறையவைத்துத்தான் இருப்பு வைக்க முடியும். உறைந்த மீனில் வைட்டமின் பி1 அழிந்துபோகிறது. தரும் மீனில் கிலோவுக்கு 25 முதல் 35 மில்லிகிராம் வரை பி1 மாத்திரையை மீனின் செவுளுக்குள் திணித்துத் தர வேண்டும், இல்லையென்றால் நரம்புக் கோளாறு வரும். வைட்டமின் ஈயும் சேர்க்க வேண்டும். டால்பின் கடல்நீரைக் குடித்துத் தாகம் தீர்ப்பதில்லை. அதற்கு நீர் பெரும்பாலும் மீனின் உடலிலிருந்துதான் கிடைக்கிறது. உறைந்து உருகும் மீனில் அந்த நீரும் வடிந்துவிடுவதால் பல இடங்களில் நீர் சேர்த்த ஜெலட்டின் கட்டிகளைக் கொடுத்து ஈடுகட்டுகிறார்கள். வண்டி வரும் வழியில் குளிர் விட்டுப்போன அயிலையில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். அது விஷம்.

இத்தனையையும் பணம் இருந்தால் செய்துவிடலாம். நன்றாகப் பராமரிக்கும் இடங்களில் புட்டிமூக்கு டால்பின்களின் ஆயுள் முன்பைவிடக் கூடியிருப்பதும் உண்மைதான், அதை மறைக்கக் கூடாது. பணத்தால் வாங்க முடியாதது வேறொன்று. டால்பின் கூட்டமாக வாழும் உயிர். ஒவ்வொன்றுக்கும் பெயர் போலத் தனக்கே உரிய ஒரு சீழ்க்கை உண்டு. கடலில் இரண்டுக்குள் சண்டை வந்தால் தோற்றது விலகிப் போய்விடும், சேர்ந்து வாழ விரும்பாதவை பிரிந்துவிடும். தொட்டியில் விலக இடமில்லை. மேலெல்லாம் பற்கீறல், இரைப்பையில் புண், ஒரே திசையில் மணிக்கணக்காக வட்டமடித்தல் எல்லாம் இதன் விளைவுகள். டால்பின் குடும்பத்தைச் சேர்ந்த ஓர்க்காக்கள் சிமெண்டுச் சுவரைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொள்கின்றன. என் பார்வையில் அறக்கேள்வி இங்கேதான் இருக்கிறது. பசியையும் நோயையும் நாம் பார்த்துக்கொள்ளலாம். யாரோடு இருப்பது, எங்கே போவது என்பதை அந்த உயிரிடமிருந்து எடுத்துக்கொண்டு, வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை.

ஆராய்ச்சி என்ற காரணத்துக்கு மதிப்பு உண்டு. 1960 வாக்கில் அமெரிக்க விலங்கியலாளர் கென்னத் நோரிஸ் ஒரு டால்பினின் கண்களை ரப்பர் மூடியால் மூடிப் பார்த்தார். அப்போதும் அது தடைகளில் மோதாமல் நீந்தியது. எதிரொலியால் ‘பார்க்கிறது’ என்பதை நாம் தெரிந்துகொண்டது அப்படித்தான். நம் ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரிலேயே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் 1959 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் ஆணும் பெண்ணுமாக இரண்டு ஆவுளியாக்களை, அதாவது கடற்பசுக்களை, வைத்திருந்தார்கள். கடற்பசுவை அவ்வளவு நாள் உயிரோடு வைத்திருந்ததே அன்று பெரிய விஷயம். அந்தக் காலத்தில் கடலுக்குள் பார்க்க வேறு வழி குறைவு. இன்று நீரடி ஒலிவாங்கியும் செயற்கைக்கோள் குறிப்பான்களும் இருக்கும்போது கரணம் போடும் காட்சிக்கு ஆராய்ச்சி என்று பெயர் வைக்க முடியாது. சென்னையை ஒட்டி 1990களின் கடைசியில் பல்கேரியாவிலிருந்து கொண்டுவந்து காட்சிக்கு வைத்த டால்பின்கள் சில மாதங்களிலேயே செத்தன.

வலையில் சாவது பற்றிய கேள்வி நியாயமானது. நம் மீனவர்கள் ஓங்கில் என்று சொல்லும் டால்பினும் ஆவுளியாவும் செவுள்வலையில் மாட்டினால், மேலே வந்து மூச்சுவிட முடியாமல் நீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகின்றன. அதற்கு மருந்து வலையிலும் கடலிலும் இருக்கிறது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. வலையை அறுத்து ஆவுளியாவை உயிரோடு விடும் மீனவர்களுக்கு வனத்துறை பரிசுத்தொகை தருகிறது. வலை போனால் அவருக்குப் பிழைப்பு போகும். அந்த இழப்பை ஈடுகட்டுவதுதான் பாதுகாப்பின் மையம். தொட்டி கட்டும் பணத்தில் ஆயிரம் வலை வாங்கிக் கொடுக்கலாம்.

மீட்பதற்காகப் பிடித்து வைப்பது வேறு. காயம் ஆறியதும் திருப்பி விடுவதற்காக, ஆட்களுக்குப் பழக்காமல், காட்சிக்கு வைக்காமல் சில வாரம் தொட்டியில் வைத்தால் அது மருத்துவமனை. கரையொதுங்கிய விலங்கைக் கண்டால் என்ன செய்வது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது, முதுகெலும்பு பிசகும். ஈரத்துணியைப் போர்த்தலாம், தலை உச்சியில் இருக்கும் மூச்சுத்துளையை மட்டும் மூடக் கூடாது, அதில் தண்ணீரும் மணலும் போகக் கூடாது. துடுப்புக்கு அடியில் மணலைத் தோண்டிவிட்டால் எடை அழுத்தாது. கூட்டத்தை விலக்கி, நிழல் கட்டி, வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். அவசரப்பட்டுத் தள்ளிவிடுவதிலும் ஆபத்து உண்டு. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு கரையில் 81 குட்டைத்துடுப்புப் பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் இரவெல்லாம் கடலுக்குள் தள்ளிவிட்டும் பல திரும்ப வந்தன. கூட்டத்தை விட்டுப் போகாத இனம் அது. 45 செத்தன.

இப்போது கோயில் யானை. வேறு நியாயம் கிடையாது, சரவணன். அதே அளவுகோல்தான். கருங்கல் தரையில் நாள் முழுக்க நிற்கும் யானைக்குப் பாதம் வெடிக்கும், நகம் சீழ்பிடிக்கும். பெண்யானைகள் கூட்டமாக வாழும் இனம், கோயிலில் அது தனியே நிற்கிறது. பக்தியால் அந்தத் தனிமை தீராது. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. யானையை மண்தரைக்கு நடத்திக்கொண்டு போகலாம், இன்னொரு யானையோடு முகாமில் விடலாம். அதன் நிலைமையைத் திருத்த நாளைக்கே வழி இருக்கிறது. அந்த வழி இருக்கும்போது செய்யாமல் இருப்பது நம் குறை. பிள்ளைகள் அதைக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, அவர்களிடம் சொல்லுங்கள்.

ஓங்கில் வாழும் கடலைக் காட்ட வேண்டுமென்றால் ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்கு அருகே காரங்காட்டுக்குக் கூட்டிப்போங்கள். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். அலையாத்திக் காட்டைப் பார்க்கலாம், ஆவுளியா தின்னும் கடற்புல் எங்கே வளர்கிறது என்று படகுக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். ஓங்கில் தென்படும் என்று உறுதி கிடையாது என்பதைப் புறப்படும்போதே சொல்லிவிடுங்கள்.