ஏ.எல் பிள்ளையளுக்கு தொழிலின்மைய நோட்ஸ் சொல்லாம எப்பிடிப் படிப்பிக்கிற?

மட்டக்களப்புல ஏ.எல் பொருளியல் படிப்பிக்கிறன். முதல் வருசம் பெரிய பிழை ஒண்டு விட்டன், உங்கட வீட்டில ஆருக்கு வேலை இருக்கு ஆருக்கு இல்ல எண்டு எழுதிட்டு வாங்க எண்டன். அடுத்த நாள் மூணு பிள்ளையள் வரல்ல, ஒரு பிள்ள வெறுங்கொப்பிய விரிச்சு வச்சிட்டு குனிஞ்ச தல நிமிரல்ல. அதோட வீட்டுக் கதைய விட்டுட்டன்.

இப்ப பழைய கலண்டர் மட்டைய வெட்டி 20 ஆக்கள நானே எழுதி வச்சிருக்கன். டிகிரி முடிச்சு அரச வேலைக்கு பாத்துக்கொண்டு அப்பாட வயல்ல சம்பளமில்லாம நிக்கிற பொடியன், வாவில மீன் படாம போன கிழமை ஒரு நாள் மட்டும் தோணி இறக்கின மாமா, வேல தேடித்தேடி அலுத்துப்போய் விட்ட அக்கா, இப்பிடி. கிளாஸ்ல மூணு மூலை: வேலை உள்ளவர், இல்லாதவர் (ஆனா தேடுறவர்), ஊழியப் படைக்கு வெளிய (வேலையுமில்ல, தேடுறதுமில்ல). மட்டைய எடுத்தவர் எழும்பி ஒரு மூலைக்குப் போய் ஏன் எண்டு சொல்லணும்.

டிகிரிப் பொடியன எப்பயும் "இல்லாதவர்" மூலைக்குத்தான் கொண்டு போவாங்க. ஆனா தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின்ட கணக்குல 15 வயசும் அதுக்கு மேலயும் உள்ள ஆள் போன கிழமை ஒரு மணித்தியாலம் வேலை செய்தாலே, குடும்ப வயல்ல சும்மா செய்தாலும், வேலை உள்ளவர். "சேர் இது அநியாயம்!" எண்டு ஒரே சத்தம், நான் வாய் திறக்க மாட்டன், கொஞ்சம் சண்டை பிடிக்கட்டும், அதுலதான் வரைவிலக்கணம் மண்டையில ஏறும். (ரெண்டு பாடவேளை சேர்த்து எடுங்க, ஒண்டு காணாது.) வெள்ளாமை வெட்டு முடிஞ்சா கையில வேலையில்லாதவர் பருவகாலம், வெட்டு மிசின் வந்து அரிவாள் வேலை போனவர் அமைப்பியல், தொழிலின்மையின்ட வகையெல்லாம் பிறகு அவங்களே சொல்லுவாங்க.

மறுகா கணக்கு. என்ட மட்டையில 11 பேர் வேலை உள்ளவர், 3 பேர் இல்லாதவர், 6 பேர் வெளிய. பாதிப்பேர் 3ஐ 20ஆல பிரிச்சு 15% எண்டுவாங்க. பிரிக்க வேண்டியது ஊழியப் படையால, அதாவது வேலை உள்ளவரும் இல்லாதவரும் சேர்ந்த 14ஆல, அப்ப 21.4%.

கடைசியா அந்த மூணு பேர்ல ரெண்டு பேர் மனம் விட்டு வேலை தேடுறத நிப்பாட்டிட்டாங்க எண்டு சொல்லி அவங்கள வெளிய மூலைக்கு அனுப்புவன். இப்ப 12ல 1, 8.3%. வீதம் பாதிக்கு மேல குறைஞ்சிட்டு எண்டு கை தட்டுவாங்க. அப்பதான் கேப்பன், "ஆருக்குடா வேலை கிடைச்ச?"