பரண்மேல் காலடி

அன்புள்ள ஐயா,

மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் நாலு மாதமாக வாடகைக்கு இருக்கிறேன். முன்பகுதிக் கூரை மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய மரக்கட்டை, செங்கல் தளம்; பின்பகுதி ஓடு. ஓட்டுக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் அடித்திருக்கிறார்கள். இரவு ஒரு மணிக்கு மேல் தலைக்குமேல் யாரோ நடக்கிறார்கள். நாலைந்து அடி, ஒரு நிறுத்தம், மறுபடி நாலைந்து அடி. விடிகாலையில் சுவருக்குள் முனகல். ஓர் இரவு நெஞ்சில் யாரோ உட்கார்ந்ததுபோல் இருந்தது, கத்த வாய் வரவில்லை. வீட்டுக்காரர், பழைய வீடு என்றால் அப்படித்தான் என்கிறார். ஊரிலிருந்து வந்த அம்மா இரண்டு நாள் தூங்கவில்லை, காலி செய்யச் சொல்லிவிட்டுப் போனார்.

இதனாலேயே எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து சென்னையின் பேய் இடங்களை வீடியோ எடுக்க இருக்கிறோம். டிமான்டி காலனி, அடையாறு உடைந்த பாலம், ஈசிஆர் என்ற கிழக்குக் கடற்கரைச் சாலை, கடைசியாகக் கரிக்காட்டுக்குப்பத்தில் ஓர் இரவு தங்கல். இவற்றில் எது நிஜம்? வேறு இடங்கள் உண்டா?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

பழைய வீடுகளின் இரவுச் சத்தங்களைப் பற்றிக் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அதனால் பட்டியலைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

ஜான் டி மான்டி சென்னையில் பெரும் பொருள் சேர்த்த போர்த்துகீசிய வணிகர். 1821-ல் இறந்தார். சொத்துகளைக் கத்தோலிக்கத் திருச்சபைக்கு எழுதிவைத்தார். ஆழ்வார்பேட்டையில் அவர் பெயரைத் தாங்கிய காலனியில் குடியிருந்தவர்கள் போய், வீடுகள் பூட்டிக் கிடந்து, மரம் மூடிய பிறகு வளர்ந்தது அந்தப் பேய்க்கதை. அங்கே பார்க்க ஒன்றுமில்லை. உடைந்த பாலம், அடையாற்று முகத்துவாரத்தை மீனவர்கள் நடந்து கடக்கக் கட்டியது. 1977-ல் வெள்ளம் அதன் ஒரு பகுதியைக் கொண்டுபோனது. அறுந்த விளிம்பு இருட்டில் கண்ணுக்குத் தெரியாது, கீழே சேறும் நீரோட்டமும். கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்கிறவனுக்கு அங்கே ஒரு தப்படி போதும். இரவில் போகாதீர்கள். ஈசிஆரில் இரவில் தெரிவதாகச் சொல்லும் வெள்ளைப் புடவைப் பெண்ணைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கரிக்காட்டுக்குப்பம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. முட்டுக்காட்டுக்குப் பக்கத்திலுள்ள அந்தக் குப்பத்தை 2004 டிசம்பர் 26 காலையில் கடல் அடித்தது. உயிர் தப்பியவர்கள் வேறிடத்தில் குடியமர்ந்தார்கள். இடிந்த சுவர்களாக நிற்பவை அவர்கள் சமைத்த அடுப்படி, படுத்த திண்ணை. அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை இன்று உங்கள் வயதில் இருப்பான். ஒவ்வொரு டிசம்பர் 26-லும் இந்தக் கரை நெடுகக் கடலில் பாலும் பூவும் விடுகிறவர்கள் எந்தப் பேய்க்கும் விடவில்லை, பெயர் சொல்லி விடுகிறார்கள். அந்த வீட்டுச் சுவரில் டார்ச் அடித்து "இங்கே ஏதோ இருக்கு" என்று குரலைத் தாழ்த்திப் பேசப்போகிறீர்களா? உங்கள் பாட்டி இறந்த அறையில் யாராவது அப்படிப் பேசினால் விடுவீர்களா? அந்த ஓர் இரவை உங்கள் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை.

இனி உங்கள் வீடு.

முதலில் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன், மற்றதெல்லாம் பொறுக்கும். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருக்கிறதா? ஜன்னலுக்குக் கீழே யாராவது ஜெனரேட்டர் ஓட்டுகிறார்களா? வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், வெளியே போனால் தெளிவு என்றால் அது கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத வாயு. இல்லாத சத்தம் கேட்கும், இல்லாத ஆள் தெரியும். அமெரிக்கக் கண் மருத்துவர் வில்லியம் வில்மர் 1921-ல் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். வீட்டில் நடமாட்டம், உருவங்கள், அழுத்தம் என்று பல வாரம் அவதிப்பட்டார்கள். கடைசியில் பழுதான வெப்ப உலையின் புகை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது தெரிந்தது. உலையைச் சரிசெய்ததும் எல்லாம் நின்றது. கீசர் உள்ளே இருந்தால் வெளிச்சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள், மாற்றும்வரை அதைத் தொடாதீர்கள்.

நெஞ்சில் உட்கார்ந்தவரை நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். கனவு வரும் தூக்கத்தில் உடம்பு அசையாமல் கட்டப்பட்டிருக்கும். அந்தக் கட்டு அவிழும் முன் விழிப்பு வந்துவிட்டால் இப்படி ஆகும். தூக்கம் குறைந்தவர்களுக்கும், ஷிப்ட் மாறுகிறவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள், கட்டு விடும். அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

சத்தத்துக்கு வருவோம். ஒரு நோட்டு எடுத்து ஏழு இரவு எழுதுங்கள்: மணி, எந்த அறை, எவ்வளவு நேரம், அதற்குச் சற்று முன் மோட்டார் ஓடியதா, குழாய் திறந்திருந்ததா. ஏழு நாளில் ஒரு வரிசை தெரிந்துவிடும். கடிகாரம் பிசகாமல் வந்தால் இயந்திரம். பொழுது சாய்ந்து நாலைந்து மணி நேரத்துக்குள் வந்து, மழை நாளில் வராமல் இருந்தால் வெயில். தினமும் வந்தாலும் அரைமணி முன்னே பின்னே தள்ளிப்போனால் உயிருள்ளது.

வெயில் என்று சொன்னதை விளக்குகிறேன். 10 மீட்டர் நீளக் கான்கிரீட் கூரை 20 டிகிரி ஆறினால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் சுருங்கும். பிவிசி குழாய் அதைவிடப் பல மடங்கு, 3 மீட்டர் துண்டே 3 மில்லிமீட்டருக்குக் குறையாது. கிளாம்ப்பை இறுக்கி அடித்திருந்தால் குழாய் நகர முடியாமல் பொறுத்துப் பொறுத்து ஒரு கணத்தில் நழுவும்: டக். உங்கள் முன்கட்டு மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாக்கில், மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்துச் செய்தது. மேலே சுண்ணாம்பு, கீழே மரம். இரண்டும் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை. கட்டையின் நுனி சுவர்ப் பொந்தில் உராயும்போது முனகும். இந்தக் கூரைக்கடியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது தெரியும், தூக்கத்தில் புரண்டு படுப்பார்கள். அடுக்ககத்தில் வளர்ந்த தலைமுறைக்கு அந்தச் சத்தத்தின் பெயர் தெரியாது. பெயர் தெரியாத சத்தமெல்லாம் பேய்க் கணக்கில் போகிறது.

விடிகாலை முனகல், மெட்ரோ வாட்டர் என்ற நகரக் குடிநீர் திறக்கும் நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். காலிக் குழாயில் இருந்த காற்றைத் தண்ணீர் தள்ளிக்கொண்டு வரும்போது அப்படித்தான் ஊளையிடும். கடைசிக் குழாயைக் கொஞ்சம் திறந்துவைத்தால் அடங்கும். மோட்டார் நின்றதும் சுவரில் டமார் என்று இடித்தால் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு தாமதமாக மூடுகிறது, பிளம்பரிடம் ஸ்பிரிங் வைத்த வால்வு போடச் சொல்லுங்கள்.

உங்கள் காலடிக்கு இவை எதுவும் காரணமில்லை. நாலைந்து அடி, நிறுத்தம், நாலைந்து அடி, அதுவும் ஓட்டுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே. எலி இப்படி நடக்காது, அது பரபரவென்று சுரண்டி ஓடும். இது மரநாய் என்று நினைக்கிறேன். பூனையைவிடச் சற்றுப் பெரிய உடம்பு, உடம்பளவு வால், 3 கிலோ சொச்சம் எடை. ஃபால்ஸ் சீலிங் பலகை ஒரு மத்தளம்; அதில் 3 கிலோ நடந்தால் கீழே படுத்திருப்பவருக்கு ஆள் நடப்பதாகத்தான் கேட்கும். பக்கத்தில் சப்போட்டா, மா, பப்பாளி மரம் இருக்கிறதா? மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரே இடத்தில் விதைகள் அப்படியே தெரியும் எச்சம் கிடக்கிறதா?

கூகையாகவும் இருக்கலாம். சாக்குருவி என்று பயந்து பெயர் வைத்துவிட்டோம். அது மற்ற ஆந்தைபோல் அலறாது, துணி கிழிப்பதுபோல் சீறும். குஞ்சுகள் இரவெல்லாம் பசியில் குறட்டை விடுவதுபோல் இரையும். இறகின் ஓரம் மென்மையாக இருப்பதால் பறக்கும் சத்தமே வராது. வயிறும் முகமும் வெள்ளை. ஈசிஆரில் சாலையோரம் எலி பிடிக்க இறங்கிய கூகை, வண்டி வெளிச்சத்தில் சத்தமில்லாமல் வெள்ளையாக எழும்பினால் ஓட்டுகிறவருக்கு என்ன தோன்றும் என்று நினைத்துப்பாருங்கள்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்கக் கோலமாவு போதும். அரிசி மாவு வேண்டாம், எறும்பு வந்து கலைத்துவிடும். கல் மாவு வாங்குங்கள். ஓட்டுக்கு ஏறும் சுவரின் மேல்விளிம்பில் ஒரு முழ நீளத்துக்கு மெல்லிசாகச் சலித்துத் தூவுங்கள். தடிமனாகப் போட்டால் தடம் சரிந்துவிடும். சாயங்காலக் காற்று அடங்கிய பிறகு போட்டு, விடிந்ததும் பாருங்கள். ஐந்து விரல் பதிந்திருந்தால் மரநாய். நாலு விரல் என்றால் பூனை. ஒன்றுமே பதியாமல் சத்தம் மட்டும் கேட்டிருந்தால் கூகை, அல்லது வேறு வழி இருக்கிறது. மாவை இடம் மாற்றுங்கள்.

மரநாய் என்று தெரிந்தால் உடனே கூரையிலுள்ள சந்துகளை அடைக்க ஓடாதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு அது. உள்ளே குட்டி இருந்தால், தாய் இரை தேடப் போன நேரத்தில் நீங்கள் அடைத்துவிடுவீர்கள். குட்டி பரணிலேயே செத்து நாறும், தாய் ஓட்டைப் பிரித்துப் போடும். கீச்சுக்குரல் கேட்டால் இரண்டு மாதமாவது பொறுங்கள். கூண்டு, விஷம் பக்கம் போகவே வேண்டாம், 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. குட்டி இல்லையென்று உறுதியானதும், கூரையைத் தொடும் கிளைகளை ஆறேழு அடிக்கு வெட்டச் சொல்லுங்கள். இரவு அது வெளியே போன பிறகு, கை நுழையும் சந்துகளை அரை இன்ச் வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) வைத்து அடையுங்கள். கோழிவலை வேண்டாம், பிய்த்துவிடும். செலவு வீட்டுக்காரருடையது. பேய் என்று போய் நின்றால் சிரித்து அனுப்பிவிடுவார், மாவில் பதிந்த தடத்தைப் படமெடுத்துக்கொண்டு போங்கள்.

அடைப்பதற்கு முன் ஒரு நாள் அம்மாவை வரச் சொல்லுங்கள். மாவை அவர் கையாலேயே தூவட்டும். காலையில் நீங்கள் எழுந்துபோய்ப் பார்க்காதீர்கள், அவர் முதலில் பார்க்கட்டும்.