15 இன்னிங்ஸில் முடிந்த ஜிம் மாரிஸ்: கேள்வி பதில்

கேள்வி: 35 வயதுப் பள்ளி வாத்தியார் ஒருவர் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஆடினாராமே, கட்டுக்கதையா சார்?

நிஜம்தான். ஜிம் மாரிஸ், இடது கை பிட்சர், அதாவது பேட்டருக்குப் பந்து எறிபவர். 1983-இல் மில்வாக்கி புரூவர்ஸ் அணி அவரை எடுத்தது. காயத்துக்கு மேல் காயம். மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள மைனர் லீக்கின் கீழ்ப்படிகளையே தாண்டவில்லை. ஆட்டத்தை விட்டுவிட்டு மேற்கு டெக்சாஸில் பிக் லேக் என்ற சிற்றூரில் அறிவியல் ஆசிரியரானார், பள்ளி அணிக்குப் பயிற்சியும் கொடுத்தார். 1999-இல் பையன்கள் பந்தயம் கட்டினார்கள்: நாங்கள் மாவட்டப் பட்டம் ஜெயித்தால் நீங்கள் மறுபடி மேஜர் லீக் அணியின் ஆள் தேர்வுக்குப் போகணும். ஜெயித்துவிட்டார்கள். டாம்பா பே டெவில் ரேஸ் அணியின் தேர்வில் அவர் வீசிய பந்துகள் மணிக்கு 98 மைலைத் தொட்டன.

கேள்வி: நம்ம கிரிக்கெட் கணக்கில் எவ்வளவு?

சுமார் 158 கி.மீ. சோயிப் அக்தர் 2003 உலகக் கோப்பையில் 161.3 தொட்டார். ஆனால் அவர் ஓடிவந்து, கையை நீட்டி வீசியவர். பிட்சர் நின்ற இடத்திலிருந்து முழங்கையை மடக்கி எறிகிறார். ஒப்பிட்டுச் சண்டை போடாதீர்கள்.

கேள்வி: மேஜர் லீக்கில் மாரிஸ் 21 ஆட்டம் ஆடி, 15 இன்னிங்ஸ்தானா?

ஒரு பிட்சருக்கு இன்னிங்ஸ் என்பது மூன்று அவுட். ஆட்டத்தைத் தொடங்கியவர் களைத்ததும் வருகிறவர்தான் ரிலீஃப் பிட்சர். அதிலும் இடது கைக்காரரை, எதிரணியின் இடது கை பேட்டர் ஒருவருக்காகவே இறக்கி, உடனே மாற்றிவிடுவது அப்போதைய வழக்கம். 2020-இல் வந்த விதிப்படி குறைந்தது மூன்று பேட்டர்களுக்காவது வீசணும், அல்லது அந்த இன்னிங்ஸை முடிக்கணும்.

கேள்வி: முதல் ஆட்டம்?

1999 செப்டம்பர் 18, ஆர்லிங்டன். டெக்சாஸ் ரேஞ்சர்ஸின் ராய்ஸ் கிளேட்டனை நாலே பந்தில் ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது மூன்று ஸ்ட்ரைக் எடுத்து வெளியேற்றினார்.

கேள்வி: கடைசி ஆட்டம் சோகம் என்கிறார்களே?

எல்லோரும் அறிமுகத்தையே பேசுகிறார்கள். எனக்கு இதுதான் சுவாரசியம். 2000 மே 9, யாங்கீ ஸ்டேடியம். 10-வது இன்னிங்ஸ், ஸ்கோர் சமம், மூன்று பேஸிலும் (ரன்னுக்காக ஓடுபவர் தொட வேண்டிய இடங்கள்) ஆள். எதிரே இடது கை பேட்டர் பால் ஓ'நீல். பிட்சரின் நாலு பந்து குறி தவறினால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம். பேஸ்கள் நிரம்பியிருந்தால் மூன்றாவது பேஸில் நிற்பவர் தானாக வீடு சேர்ந்துவிடுவார், அது ஒரு ரன். அதுதான் நடந்தது, யாங்கீஸ் ஜெயித்தது. ஆனால் தோல்வி மாரிஸ் கணக்கில் ஏறவில்லை. ஓடிவந்தவரை பேஸில் ஏற விட்டவர் முந்தைய பிட்சர், ரன்னும் அவர் தலையில்தான். அதனால் மாரிஸின் வெற்றி 0, தோல்வி 0. அதன் பிறகு மேஜர் லீக்கில் அவர் வீசவே இல்லை.

கேள்வி: மாரிஸ் விட்டுக்கொடுத்த ரன் சராசரி 4.80, படுமோசம் இல்லையா?

இல்லை. 15 இன்னிங்ஸில் 8 ரன், அதை 9 இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்குக் கணக்கிட்டால் 4.80. அந்த இரு ஆண்டுகளில் மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் சராசரியே 4.9-ஐ ஒட்டித்தான். ஸ்ட்ரைக் அவுட் 13. தேறும்.

கேள்வி: இதைவிடக் குட்டியான வாழ்க்கை உண்டா அண்ணா?

உண்டு, லாரி யவுண்ட். 1971 செப்டம்பர் 15, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ், 9-வது இன்னிங்ஸ். பெயரை அறிவித்துவிட்டார்கள், பிட்சர் நிற்கும் மேட்டில் ஒத்திகைப் பந்து வீசும்போதே முழங்கை வலி, இறங்கிவிட்டார். அறிவித்தாலே ஆடியதாகக் கணக்கு. ஆட்டம் 1, வீசிய பந்து 0. தம்பி ராபின் யவுண்டுக்கு 3,142 ஹிட் (பந்தை அடித்து பேஸ் சேர்ந்த கணக்கு)!